கல்வெட்டில் நான் போட்ட திதி

செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள், இறந்தவரைப் பற்றிய புலம்பல் பாட்டுகளை அச்சடித்துக் கொடுக்கும் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். விசுவமடுவில் மாமாவின் அச்சுக்கடைக்கு அதுதான் சோறு போட்டது. ஒவ்வொருவருக்கும் புதிதாக அழ மாமாவுக்கு நேரமில்லை. ஒரே பாட்டுகளை எழுதி, அடைப்புக்குறிக்குள் பெயர், ஊர், திதி என்று இடம் விட்டு, கணினியில் ஒரு புரோகிராமும் செய்துவிட்டார். கேட்கிற விபரங்களைத் தட்டினால் அவை தம்மிடத்தில் போய் உட்காரும். மனைவி புலம்பல், பிள்ளைகள் புலம்பல் எல்லாம் ஒரு நிமிடத்தில் தயார்.

எனக்கு அப்போது பத்து வயது. ஒருநாள், ஏதாவது ஒரு பெயரைப் போட்டுச் சரியாக வருகிறதா பார் என்று என்னை இருத்திவிட்டு மாமா தேத்தண்ணீர் குடிக்கப் போனார். நான் அப்பாவின் பெயரைப் போட்டேன். ஊர் முரசுமோட்டை. பிள்ளைகளின் பெயர் கேட்ட இடத்தில் என் பெயர். திதி இல்லாமல் புரோகிராம் நகர மறுத்தது. சுவர்க் கலண்டரைப் பார்த்து அன்றைய திதியையே தட்டினேன்: ஆவணி, பூர்வபக்கத் துவாதசி.

அப்பா போரின் கடைசிச் சண்டையில் காணாமற்போனவர். வருவார் என்றுதான் அம்மா இருந்தார். மரணச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர்.

என்னைக் கூட்டிப்போக வந்த அம்மாவிடம் தாளைப் பெருமையோடு நீட்டினேன். பதினொரு இடத்தில் அப்பாவின் பெயர். அம்மா முழுவதையும் வாசித்தார். மனைவி புலம்பலை இரண்டு தரம் வாசித்தார்.

“இந்தத் திதி ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை அம்மா. இண்டைய திதிதான்.”

அதற்குள் மாமா ஓடி வந்தார். “சும்மா பாக்கப் போட்டது அக்கா. கிழிச்சு எறியுங்கோ.”

அம்மா கிழிக்கவில்லை. நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். அடி விழும் என்று வீடு வரைக்கும் பயந்துகொண்டே போனேன். விழவில்லை.

அடுத்த ஆவணியில் ஒருநாள் வீட்டில் மீன் இல்லை. அம்மா முழுகி, வடையும் பாயாசமும் செய்து, இலையில் படைத்தார். காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு வேலியடியில் வெகுநேரம் நின்றார். நெற்றியில் குங்குமம் எப்போதும்போல் இருந்தது. அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்தத் துவாதசி எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அந்த முதல் ஆண்டு, அன்றைக்கு என்ன நாள் என்று நான் கேட்டேன்.

“விரதம். நீ சாப்பிடு.”

இப்படி ஒரு விரதம் மாதாமாதம் வந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது வடைக்குக் கை நீட்டினேன்.