அணு உலைக் கீரை

ஏனாத்தூர்ப் பக்கம் இழுத்து மூடிய என்ஜின் டெஸ்டிங் கம்பெனியின் மதில் ஓரமாகக் கீரை போட்டுப் பிழைக்கிறவள் பொன்னியம்மாள். மதிலுக்கு உள்ளே இரண்டு கூலிங் டவர்கள், நிமிர்த்தி வைத்த ராட்சச உடுக்கைகள் மாதிரி நிற்கின்றன. ஓடுகிற என்ஜினின் சூட்டை வாங்கிய தண்ணீரை ஆற வைக்கத்தான் அவை. கம்பெனி நடந்த காலத்தில் அங்கே பெருக்கியவள் என்பதால் அவளுக்கு இது தெரியும். பக்கத்துத் தெரு யுவனுக்குத் தெரியாது. தெரியாதவன்தானே வீடியோ போடுவான்?

"காஞ்சிபுரத்தில் ரகசிய அணு உலை!" என்று தலைப்பு. அணு உலைப் படங்களில் வருகிற மாதிரியே பின்னால் அந்த டவர்கள், நடுவில் பொன்னியம்மாளின் கீரைப்பாத்தி. கூடவே, "இதையா சாப்பிடறீங்க?" என்று அவன் குரல்.

மறுநாள் மார்க்கெட்டில், வருஷக்கணக்காக வாங்குகிற அகிலா டீச்சரே எடுத்த கீரைக்கட்டைத் திரும்ப வைத்துவிட்டார்.

"கொழந்தைங்க இருக்கிற வீடும்மா."

"அதுங்க என் கீரையத் துன்னுதான டீச்சர் வளந்துச்சிங்க!"

கூடையோடு கீரை மாட்டுக்குப் போனது. மாடு செல்போன் பார்ப்பதில்லை.

யுவனைப் பிடித்து உலுக்கியதில், மறுப்பு வீடியோ எடுப்பதாகச் சொன்னான். "வேலை செஞ்சப்ப அந்த டவர் தண்ணியிலதான் தெனம் காலக் கழுவினேன், எனக்கு இன்னாடா ஆச்சு?" என்று அவள் கத்தினாள். பின்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, அவளுடைய பித்தவெடிப்பைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு ஏற்றிவிட்டான் புண்ணியவான். ஊரே உச்சுக்கொட்டியது.

மறுநாள் மத்தியானம் நேராக அவன் வீட்டுக்குள் நுழைந்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மகன் போடும் வீடியோவைப் பார்க்கிற பழக்கமே இல்லாத துர்கா பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா துர்கா, யார் கீரை அது?"

"உன்னுதுதான்க்கா. காலையில நீதான குடுத்துட்டுப் போன."

யுவனின் கை பாதி வழியில் நின்றது.

"துன்னு கண்ணு. போனை எடுத்து லைவ் போட்டுக்கினே துன்னு. லைவ்ல வெட்ட முடியாதாமே?"

"சும்மா வியூஸுக்குத்தான் பெரிம்மா..."

"உன் வியூஸுக்கு என் பொழப்புதான் கெடச்சுதா? தட்டைக் காட்றா!"

விஷயம் புரிந்த துர்கா கரண்டியை ஓங்கவும், தட்டு காலியானது. ஊர் பார்த்தது.

அடுத்த நாள் அகிலா டீச்சர் வந்தார். கட்டை எடுத்தார், முகர்ந்தார், வைத்தார்.

"லைவ் பாத்தேன்மா. ஒரு வாரம் போகட்டும். அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா வாங்கிக்கிறேன்."

அவன் நாசமாய்ப் போகட்டும் என்று மண்ணை வாரித் தூற்றியவள் பொன்னியம்மாள். இப்போது அந்தப் பயலுக்கு ஒரு தும்மல்கூட வரக்கூடாதே என்று அவளேதான் வேண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது! ஊர் முழுக்கக் கோயில் இருந்து என்ன, இந்த அநியாயத்தை எந்தச் சாமியிடம் போய்ச் சொல்வாள்?