செல்லாத பெயர்

ஃபாரஸ்ட் கேட் நூலகத்தில் என் பக்கத்துக் கணினியில் இருந்தவர் தடித்த குளிர்ச்சட்டையைக் கழற்றவேயில்லை. திரையில் சிவப்பு எழுத்து வரும்போதெல்லாம் அதனிடம் "சொறி" என்று மன்னிப்புக் கேட்டார். நகரசபை வீட்டுக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். மனைவி, பிள்ளைகளோடு ஓர் அறையில் இருக்கிறாராம்.

"அண்ணை, என்ர பேர் செல்லாதாம்."

குடும்பப் பெயர் கேட்ட இடத்தில், நம் வழக்கப்படி தகப்பன் பெயரின் முதலெழுத்தை மட்டும் போட்டிருந்தார். இரண்டெழுத்தாவது வேண்டும் என்று படிவம் சொல்லவில்லை. 'செல்லாத பெயர்' என்று மட்டுமே சொன்னது.

"அப்பான்ர பேரை முழுசாப் போடுங்கோ."

"ஐயோ, பாஸ்போர்ட்டில ஒற்றை எழுத்துத்தானே. பிறகு கள்ளப் பேரெண்டு பிடிப்பினம்." சிரித்தார். "இதை எழுதினவனுக்குத் தகப்பன் இல்லையோ?"

எழுதியவன் நான். ஓய்வு பெறுமுன் அந்த நகரசபை அலுவலகத்துக்கு நான்தான் படிவங்கள் செய்தேன். என் பெயருக்கு முன்னாலும் ஒற்றை எழுத்துத்தான். வெள்ளைக்காரப் பெயர்களை மட்டும் நினைத்து அந்த விதியை வைத்தேன். அந்த அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து அவருக்கு வழி கேட்டிருக்கலாம். வெட்கம் விடவில்லை. அவரோடு சேர்ந்து சிரித்தேன்.

"பொய்ப் பேரில வீடு வேண்டாம். போறன் அண்ணை" என்று எழுந்தார்.

அவர் தெருவில் இறங்கிய பிறகும் அந்தச் சிரிப்பு என் முகத்தில் இருந்தது.