வாங்கக்கா என்று கூவிய கண்ணாடி

கிடர்பூர் துறைமுகக் குடியிருப்புக்கு ஜலஜா குடிவந்தது 1994ஆம் வருஷத்து மழைக்காலத்தில். அவள் வீட்டு வாசல் சேறு மூன்று ஜோடிச் செருப்பையும் ஒரு குடையையும் விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு, தபால்காரரையும் முழங்கால்வரை ருசி பார்த்தது. பக்கத்து வீட்டு வங்காளி மாசிமா வேலிக்கு அந்தப்புறம் நின்றே சிரிப்பாள்; இந்தப்புறம் காலெடுத்து வைக்க மாட்டாள். ஒருவரையும் "வாங்க" என்று அழைக்க வாய்க்காமல் ஜலஜாவின் நாக்கு துருப்பிடித்துக் கிடந்தது.

ஒருநாள் காலை தெருவில் கணீரென்று ஒரு குரல்: "வாங்கக்கா!"

தமிழ்க் குரல்! கையிலிருந்த தோசைத் திருப்பியோடு சேற்றில் பாய்ந்து ஓடினாள். சாக்கும் தராசுமாக நின்ற பழைய சாமான்காரன் நிமாய், திருப்பியைக் கண்டு இரண்டடி பின்வாங்கினான். அவன் கூவியது "பாங்கா காச்". வங்காளி மொழியில் உடைந்த கண்ணாடி என்று அர்த்தம்.

"ஏங்க, அவன் என்னைக் கூப்பிடலீங்க. ஒடஞ்ச பாட்டிலைக் கூப்பிட்டிருக்கான்" என்று மாலையில் கணவரிடம் சொன்னாள்.

கிரேன் ஓட்டும் திருவேங்கடம் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சைக் கல்லை எடுத்து நீட்டினார்.

"இதுவும் ஒடஞ்ச பாட்டில்தான். ஆத்தங்கரையில கெடந்துது. தண்ணியும் மணலும் தேச்சுத் தேச்சு முனையே இல்லாமப் பண்ணிருச்சு."

கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். வழுவழுவென்றிருந்தது. "இதை வாசல் முழுக்கக் கொட்டினா?"

"கங்கைக்கு இதைத் தேய்க்க நூறு வருஷம் ஆகியிருக்கும்."

"புதுக் கட்டடத்துக் கலவை மிஷின் ஞாயித்துக்கெழமை சும்மாதானே நிக்குது?"

அந்தக் கட்டடத்து மேஸ்திரி செல்வராஜ் பதினெட்டு தோசைக்குச் சம்மதித்தார். நிமாய் மூட்டை மூட்டையாகக் கண்ணாடி சுமந்தான். மணலும் தண்ணீருமாக மிஷின் உருட்டிய சத்தத்தில் ஹவுரா பாலமே ஓரங்குலம் தள்ளி நின்றதாகக் கேள்வி. சிலாம்புகளைச் சலித்து நீக்கி, செங்கல் தூளை இடித்து மட்டமாக்கி, செம்பருத்திச் செடியைச் சுற்றி வாசல் முழுக்கப் பச்சையும் தேன்நிறமும் வெள்ளையுமாக நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினார்கள். அடுத்த மழை, கண்ணாடிகளின் இடுக்கில் நல்ல பிள்ளையாய் இறங்கிப் போனது.

ஆனால் ஒருவரும் வரவில்லை.

"காச்! மாகோ!" கண்ணாடியா, அம்மாடி என்று மாசிமா கன்னத்தில் கைவைத்தாள். ஜலஜா வெறுங்காலோடு நடந்து காட்டினாள். "நீ கிரேன்காரர் பெண்டாட்டி, உன் கால் இரும்பு" என்றுவிட்டாள் மாசிமா. இத்தனை பாடும் வீண்தானா என்று ஜலஜா செம்பருத்தியடியில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது நிமாய் வந்தான். அவள் தமிழிலேயே "வாங்க!" என்றாள். அவன் சிரித்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, இருபது வருஷம் கண்ணாடி கீறிய காலோடு நிதானமாகக் குறுக்கே நடந்தான். பிறகு ஒற்றைக் காலில் நின்று, உள்ளங்காலை மாசிமாவுக்குத் தூக்கிக் காட்டினான். பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக ஒரு கீறல்கூட இல்லை.

"ஆர் பாங்கா நொய், பௌதி" என்றான் ஜலஜாவிடம். இனி உடைசல் இல்லை, அண்ணி.

மாசிமா புடவையைத் தூக்கிப் பிடித்து, ஒரு காலை வைத்தாள். அப்புறம் மறு காலை.

2006இல் திருவேங்கடம் ஓய்வுபெற்று இருவரும் நியூ டவுன் மாடி வீட்டுக்குப் போனபோது, தெருவே ஆளுக்கொரு பிடிக் கண்ணாடி அள்ளிக்கொண்டது. மிச்சம் ஜலஜாவின் மாடித் தொட்டிகளில் துளசியடியில் மின்னுகிறது. தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், அன்று தன் காது தப்பாகக் கேட்டதற்காக நிமாய்க்கு ஒரு கும்பிடு போடுகிறாள்.