என் நாவல்களை வாசித்துக் காட்டியவள்

பாலக்கோடு தக்காளி மண்டியில் ஏலம் கூவுவது என் வேலை. விடிவதற்கு முன்பே போய்விட வேண்டும். கூவத் தொடங்கினால் வெயில் ஏறும்வரை வாய் ஓயாது. மதியம் வீடு திரும்பும்போது தொண்டையில் வெறும் காற்றுதான் மிஞ்சியிருக்கும். சாப்பிட்டுவிட்டு எழுத உட்காருவேன். என் நாவல்கள் எல்லாம் அப்படி மதியங்களில் எழுதியவைதான்.

எழுதியதைச் சத்தமாக வாசித்துக் கேட்டால்தான் எனக்கு அதன் குறை தெரியும். குரல் இல்லாத நான் எப்படி வாசிப்பது? அதனால் என் மனைவி வாசிப்பாள். பாத்திரம் கழுவிய கையை முந்தானையில் துடைத்தபடி வந்து உட்காருவாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பிடிக்காத இடம் வந்தால் சட்டென்று நிறுத்திவிடுவாள்.

"ஏங்க, இந்தப் பொம்பள இவ்ளோ நேரமா உக்காந்து அழுவாளுங்களா? அடுப்புல சோறு வெந்துக்கிட்டு இருக்குதில்ல?"

அந்தப் பத்தியை அடித்துவிடுவேன்.

அவளுடைய ஊர் கர்நாடக எல்லையை ஒட்டியது. பிறந்த வீட்டில் கன்னடம்தான் பேச்சு. தமிழ் பள்ளிக்கூடத்தில் படித்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் கன்னடம் தெரியாது என்பதால், கல்யாணத்துக்குப் பிறகு அவள் அதைத் தன் அண்ணன் வரும்போது மட்டுமே பேசினாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டிக் கன்னடம். ஒந்து, எரடு, மூரு என்று எண்ணத் தெரியும். விலை சொல்லத் தெரியும்.

முதல் நாவலுக்கான விதையும் மண்டியில்தான் கிடைத்தது. கணவன் இறந்து காரியம்கூட முடியாத ஒரு பெண், தக்காளிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பார்வைக்கு அவரே பதில் சொன்னார்: "எங்கூட்ல சாவுன்னு செடிக்குத் தெரியுங்களா? அது பாட்டுக்குப் பழுக்குது."

அன்று ஏலம் கூவும்போது என் வாய் விலையைச் சொன்னது. மனம் அந்தக் குரலையே சுற்றிக்கொண்டிருந்தது. அதை எழுதி முடிக்கச் சில வருஷங்கள் ஆயின. சென்னைப் பதிப்பகங்களுக்கு அனுப்பினேன். ஒரு வரிப் பதில்கூட வரவில்லை. "அவங்க போடாட்டி என்னங்க, நாமளே போடுவோம்" என்றாள் அவள். சேலத்தில் அச்சடித்து, கட்டுகளைப் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்தோம். முதல் கட்டைப் பிரித்து, ஒரு பிரதியை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். பிறகு எழுதிய நாவல்களையும் நாங்களே போட்டோம். பார்சல் ஒட்டுவதும், பிழை பார்ப்பதும், யாரோ வாசகர் வாட்ஸப்பில் அனுப்பிய பாராட்டை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டுவதும் அவள்தான்.

கடைசியாக எழுதிக்கொண்டிருந்தது, பொம்மிடியில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணின் கதை. கணவன் வீட்டை விட்டு ரயிலேறிப் போகிறாள். திருப்பூரில் பல வருஷம் உழைத்துவிட்டு, ஒரு நாள் அதே ஸ்டேஷனில் வந்து இறங்குகிறாள். அழைத்துப்போக யாரும் வரவில்லை. அடுத்த ரயிலில் திரும்பிப் போய்விடுகிறாள். இப்படி முடிக்கத் திட்டமிட்டிருந்தேன்.

அவள் ரயிலேறும் அத்தியாயத்தை ஒரு மதியம் மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று வார்த்தைகள் இடம் மாறி வந்தன. என்னைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். சத்தம் நின்றுபோகவே கண்ணைத் திறந்தேன். அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. தாள்கள் மடியிலிருந்து சரிந்துகொண்டிருந்தன.

தர்மபுரி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பல வாரம் அவளிடம் பேச்சே இல்லை. பிறகு ஒரு காலையில் நான் கஞ்சியை நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஊட்டா பேடா" என்றாள். சாப்பாடு வேண்டாம். அது எனக்குப் புரிந்தது. சந்தோஷத்தில் டாக்டரிடம் ஓடினேன். அதற்குப் பிறகு வந்தது முழுவதும் கன்னடம். தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை; நான் பேசுவதும் அவளுக்குப் புரியவில்லை.

"சில பேருக்கு மொதல்ல பேசின பாஷைதாங்க திரும்பி வரும். தமிழும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த பிறகு, என் அத்தியாயம் ஒன்றை அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மடித்து என்னிடமே நீட்டினாள். வெளியே போய் மாட்டுக் கொட்டகையில் நின்று அழுதேன்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுடைய அண்ணன் வந்து தங்கினார். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வார்கள். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பேன். ஒரு நாள் அவரே கேட்டார்:

"மாப்ள, எழுதிக்கிட்டு இருந்தீங்களே ஒரு கதை. நீங்க எனக்குத் தமிழ்ல சொல்லுங்க. நான் அவளுக்குச் சொல்றேன்."

சில நாட்கள் அப்படியே நடந்தது. நான் சொல்லச் சொல்ல அவர் கன்னடத்தில் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்துக் கேட்டாள். ஸ்டேஷனில் யாரும் வராத இடத்தைச் சொல்லி முடித்ததும், வேகமாகத் தலையை ஆட்டி என்னவோ சொன்னாள்.

"என்ன சொல்றா மச்சான்?"

"பாவம், அந்தப் பொண்ண யாராச்சும் வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்னு சொல்றா. ஒரு வாய் சோறு போடச் சொல்றா."

"கதைய எழுதுனது நாந்தான்னு சொன்னீங்களா?"

அவர் அதையும் கன்னடத்தில் சொன்னார். அவள் என்னைப் பார்த்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சிரிப்பதுபோல் மரியாதையாகச் சிரித்தாள்.

நான் முடிவை மாற்றினேன். அந்தப் பெண்ணின் தங்கை ஸ்டேஷனுக்கு ஓடி வருகிறாள். வீட்டுக்குக் கூட்டிப்போய்த் தட்டு வைத்துச் சோறு போடுகிறாள். அதை அண்ணன் சொல்லக் கேட்டதும் என் மனைவி நிம்மதியாகத் தூங்கிப்போனாள். புத்தகம் அச்சுக்குப் போயிருந்தபோது, மறுபடியும் அதே நோய் தாக்கியது. இந்தமுறை அவள் எழவில்லை.

புத்தகக் கட்டு வந்தபோது பிரிக்க மனமில்லாமல் பல நாள் அப்படியே மூலையில் போட்டுவைத்திருந்தேன். பிறகு படித்த ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "நாவல் அருமை. கடைசி அத்தியாயம் மட்டும் வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கிறது."

தர்மபுரிப் புத்தகக் கண்காட்சியில் ஒரு கல்லூரிப் பெண் என்னிடம் வந்தாள். "சார், நானும் நாவல் எழுதணும். எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல."

தெரிந்ததைச் சொன்னேன். தினமும் ஒரே நேரத்துக்கு உட்கார வேண்டும், வராவிட்டாலும் எழுந்துவிடக் கூடாது. பஸ்ஸிலும் சந்தையிலும் ஜனங்கள் பேசுவதைக் கேட்க வேண்டும். கேட்டதை உடனே எழுதக் கூடாது. எது மனதை விட்டுப் போகாமல் நிற்கிறதோ அதுதான் கதை. பதிப்பகம் பதில் போடவில்லையே என்று சோர்ந்துபோகாமல் அடுத்ததைத் தொடங்கிவிட வேண்டும். எழுதியதை இன்னொருவர் வாயால் வாசிக்கக் கேட்க வேண்டும்.

"அதுக்கு ரெண்டு மூணு பேரயாச்சும் வச்சுக்கம்மா. ஒரே ஆள நம்பி எழுதாத."

"ஏன் சார்?"

"எனக்கு ஒரு ஆள்தான் இருந்தாங்க" என்றேன்.

அந்தப் பெண் கடைசி நாவலை வாங்கிக் கையெழுத்துக் கேட்டாள். போட்டுக் கொடுத்தேன்.

ஒரு ஆள்தான் இருந்தாங்க என்று நான் சொன்னதும் முழு உண்மை இல்லை. வேறு பத்துப் பேர் கிடைத்திருந்தாலும் என் மனைவியைத்தான் வாசிக்கச் சொல்லியிருப்பேன். இப்போதும் எழுத உட்காருகிறேன். சில நாள் ஒரு பக்கம் வருகிறது. அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரிவதில்லை.