இருபத்தாறும் இல்லை, இருபத்தெட்டும் இல்லை

என் பந்தய வண்டிக்கு மூன்று சக்கரம். பின்னால் இரண்டு பெரியவை, முன்னால் நீண்ட குழாயின் நுனியில் ஒரு சிறியது. முட்டியை மடக்கிக் குனிந்து உட்கார்ந்து, கையுறை போட்ட கைகளால் பெரிய சக்கரங்களைக் குத்தித் தள்ள வேண்டும். சக்கர நாற்காலி ஓட்டத்துக்கென்றே செய்யப்பட்டது. பத்தொன்பது வயதில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டதிலிருந்து நான் நடப்பதில்லை. முப்பது வயதில்தான் ஓட ஆரம்பித்தேன். வண்டி புதிதல்ல, பெங்களூரில் பந்தயத்தை விட்டுவிட்ட ஒரு பெண்ணிடம் வாங்கியது.

மாநிலப் போட்டிக்கு ஆறு வாரம் இருந்தபோது இடது டயர் கிழிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செண்பகத்தோப்புக்குக் குளிக்க வருகிறவர்கள் பாட்டிலைச் சாலையிலேயே போட்டு உடைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் காலையில் நான் அந்தச் சாலையில் பயிற்சிக்குப் போனபோது ஒரு சில்லு டயரின் பக்கவாட்டில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்துவிட்டது. முள் குத்தியிருந்தால் நானே பஞ்சர் ஒட்டிவிடுவேன். இது ஒட்டுகிற காயமில்லை. வனத்துறை செக்போஸ்ட்டில் இருந்தவர் பார்த்துவிட்டு, “டயர்தானம்மா, டவுன்ல வாங்கிக்கிடலாம்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் ராணுவத்திலிருந்து ஒரு மாத விடுப்பில் மம்சாபுரம் வீட்டுக்கு வந்திருந்தான். எந்த வேலையையும் சட்டென்று முடித்துவிட வேண்டும் அவனுக்கு. சக்கரத்தைக் கழற்றிக் காரில் போட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினான். சைக்கிள் கடைக்கு நான்கு படி. நான் காரிலேயே இருந்தேன். கடைக்காரர் பாய் சக்கரத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

“என்ன சைஸ் தம்பி?”

கேட்டது என் அண்ணனிடம். அண்ணனுக்கு அந்த வண்டியின் சைஸ் எங்கே தெரியும்?

“இருபத்தெட்டுன்னு கேக்கச் சொன்னாங்க பாய்,” என்று நான் காரிலிருந்தே சத்தம் போட்டேன். வண்டியை விற்ற பெண் அப்படித்தான் சொல்லியிருந்தார்.

பாய் டேப்பை வைத்து அளந்தார். “இருபத்தாறுக்குக் கொஞ்சம் மேல வருது தம்பி. இருபத்தெட்டெல்லாம் இல்ல.”

“அப்ப இருபத்தாறே குடுங்க பாய்,” என்றான் அண்ணன்.

“அண்ணே, அது ஒல்லி டயரு. சைக்கிள் டயரு மாதிரி இல்ல...”

“செத்த நேரம் பேசாம இரு ஏட்டி. அளந்து பாத்துட்டுத்தான அவிய சொல்லுதாவ.”

வீட்டுக்கு வந்து இருபத்தாறை மாட்டப் பார்த்தோம். ஒரு பக்கம் ஏறினால் மறு பக்கம் ஏறவில்லை. அண்ணன் விடவில்லை. பெரிய ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினான். “வேணாம்ணே, ரிம்மு அலுமினியம்” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ‘டிக்’கென்று ஒரு சத்தம். ரிம்மின் விளிம்பில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். அவன் கையால் தடவிப் பார்த்துவிட்டு, “இது ஒண்ணும் செய்யாது” என்றான். எனக்கு வந்த கோபத்தில் உப்புத்தாளை எடுத்து அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் பாயிடமே போய் இருபத்தெட்டை வாங்கி வந்தோம். தபால்காரர் சைக்கிளுக்குப் போடுகிற டயர். அது சுலபமாக ஏறியது. ஏறிய வேகத்தில் கழன்றும் விழுந்தது. ரிம்முக்கும் அதற்கும் நடுவே என் சுண்டுவிரல் போனது. இருபத்தாறு ஏறவில்லை, இருபத்தெட்டு நிற்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருபத்தேழு என்று ஒன்று கிடையாது என்று பாய் அடித்துச் சொன்னார். பாவம், இரண்டு டயரையும் முகம் சுளிக்காமல் திருப்பி வாங்கிக்கொண்டார். “இது வீல்சேர் சாமான் தம்பி. மெடிக்கல்ல கேளுங்க” என்று அனுப்பி வைத்தார்.

ராஜபாளையத்தில் மருத்துவச் சாமான் விற்கும் பெரிய கடை ஒன்று இருந்தது. அங்கே சாய்வுப் பாதை உண்டு, நானே உள்ளே போனேன். கல்லாவில் இருந்தவர் என்னைத் தாண்டிப் பார்த்து அண்ணனிடம் கேட்டார்.

“பேஷண்டுக்கு எந்த மாடல் சேர் சார்?”

“பேஷண்ட் இல்ல. நான் ரேஸ் ஓட்டுற மூணு சக்கர வண்டிக்கு டயரு வேணும்,” என்றேன்.

“ரேஸா?” என்று சிரித்தார். “மூணு சக்கர வண்டின்னா கவர்மெண்ட்ல ஃப்ரீயாவே குடுப்பாவளே. கலெக்டர் ஆபீஸ்ல ஒரு மனு எழுதிப் போடுங்க. இப்பல்லாம் சீக்கிரம் குடுத்துருதாவ.” பிறகு உள்ளேயிருந்து காற்றே அடிக்கத் தேவையில்லாத சாம்பல் நிறக் கட்டி டயர் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உருளுகிற டயர். வேண்டாம் என்றதும், “அப்ப சைக்கிள் கடையிலதான் கேக்கணும்” என்றார்.

ஒரு வாரம் இப்படியே போனது. சைக்கிள் கடையில் கேட்டால் மெடிக்கலுக்குப் போகச் சொன்னார்கள், மெடிக்கலில் கேட்டால் சைக்கிள் கடைக்கு. பேருந்து நிலையத்தின் பக்கம் ஒருவர் குழந்தை சைக்கிள் டயரைக் கொண்டுவந்து நீட்டினார். தெரிந்தவர் ஒருவர் பழைய டயரையே தைத்துக் கொடுக்க ஆள் இருப்பதாகச் சொன்னார். கையைச் சும்மா வைத்திருக்கக் கூடாது என்று வீட்டில் தண்ணீர் கேனைத் தூக்கித் தூக்கி இறக்கினேன். தள்ளுகிற பழக்கம் கேனைத் தூக்கினால் வராது.

இரண்டாவது வாரம் அண்ணன் ஒரு புது யோசனையோடு வந்தான். இரண்டு பக்கமும் சாதாரண இருபத்தாறு சைக்கிள் சக்கரத்தையே போட்டுவிடலாமாம். பட்டறையில் பேசிவிட்டானாம்.

“சைக்கிள் சக்கரத்த ரெண்டு பக்கமும் கவட்ட மாதிரி கம்பி புடிச்சிருக்கும்ணே. இதுல ஒரு பக்கந்தான் புடிமானம். அச்சு வேற, சாய்மானம் வேற. நான் குத்துற வளையம் இந்தச் சக்கரத்தோட சேத்து மாட்டுனது. சக்கரம் மாறுனா எங்கையி எட்டுற எடமே மாறிப்போவும்.”

“எதச் சொன்னாலும் நீ ஒரு நொட்டை சொல்லுத.”

“பட்டறையில பேசுறதுக்கு முன்னால என்கிட்ட பேசுனியா?”

நான் நிறுத்தவில்லை. “கடையில எல்லாரும் ஒன்கிட்டயே கேக்காவ. நீயும் பதில் சொல்லுத. ஓட்டுறது நீயா நானா? ஒரு தடவையாவது ‘அவகிட்ட கேளுங்க’ன்னு சொன்னியா?” குரல் உடைந்துவிட்டது. டயருக்காக அழுகிறேன் என்று அவன் நினைத்துவிடக் கூடாதே என்று சக்கர நாற்காலியைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

நான் வேலை பார்ப்பது ராஜபாளையம் பக்கம் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில். நூலின் கனத்தையும் பலத்தையும் அளந்து எழுதுவது என் வேலை. மூன்றாவது வாரம் கிழிந்த டயரைப் பையில் போட்டு அங்கே கொண்டுபோனேன். அதன் பக்கத்தில் எழுத்து இருந்த தடம் தெரிந்தது, படிக்க முடியாதபடி தேய்ந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, முகப்பவுடரைத் தடவி, மெல்ல ஊதிவிட்டு, நூல் பார்க்கிற லென்ஸை வைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு ஆறு தெரிந்தது. பிறகு இரண்டு, இன்னொரு இரண்டு. முன்னால் இருபத்து மூன்று.

23-622.

மாலையில் வேலை முடிந்ததும் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், பாய் கடை முன்னால் பக்கச் சக்கரம் வைத்த என் ஸ்கூட்டரை நிறுத்தி, அந்த இரண்டு டயர்களையும் எடுத்து வரச் சொல்லி ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன். இருபத்தெட்டில் 635. இருபத்தாறில் 590. டயர் ரிம்மில் உட்காருகிற இடத்தின் விட்டம், மில்லிமீட்டரில். என்னுடையதில் அது 622, முன்னால் இருந்த 23 டயரின் அகலம். பெரிய எழுத்தில் இருக்கிற இருபத்தாறும் இருபத்தெட்டும் கூப்பிடுகிற பெயர், அவ்வளவுதான். என் ரிம்மையும் இருபத்தெட்டு என்றுதான் அழைக்கிறார்கள். ஆனால் அது பதின்மூன்று மில்லிமீட்டர் சின்ன இருபத்தெட்டு.

பாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் படித்துப் பார்த்தார். “முப்பது வருசமா விக்கேன்மா. இத ஒரு நாளும் படிச்சதில்ல,” என்றார்.

கோயம்புத்தூரில் ஒரு கடைக்குப் போன் செய்தேன். “அறுநூத்தி இருபத்திரண்டுக்கு இருபத்தி மூணு வேணும்” என்றேன். “ரோடு பைக்குங்களா மேடம்? இருக்குதுங்க” என்றார்கள். அரை நிமிடம்கூட ஆகவில்லை. வீல்சேர் என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை.

டயர் வந்தது. எனக்குக் கிடைக்கவில்லை. அன்று வீட்டில் தனியாகப் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. நாற்காலியைத் திருப்பி, இரண்டு நிலைப்படிகளில் போட்டிருக்கிற சாய்வுப் பலகைகளைக் கடந்து வாசலுக்கு வந்தபோது தெருவில் ஆள் இல்லை. ‘வீட்டில் யாரும் இல்லை’ என்று கூரியர்காரரிடமிருந்து போனில் செய்தி வந்து விழுந்தது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன்.

“ரெண்டு தடவ பெல் அடிச்சேன் மேடம். செத்த வேகமா வந்திருக்கலாம்லா?”

நூறு மீட்டரில் எங்கள் மாவட்டத்தில் என்னை முந்த ஆள் கிடையாது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் ராஜபாளையம் கூரியர் அலுவலகத்துக்குப் போனான். அங்கிருந்து கூப்பிட்டான். “பார்சல் இங்கதான் இருக்கு. ஒன்னியத்தான் வரச் சொல்லுதாவ. நான் ஒண்ணும் பேசல. வந்து கூட்டிட்டுப் போறேன்.” வந்து அழைத்துப் போனான். கவுண்டரில் இருந்தவர் கையெழுத்துக்கு நோட்டை அவன் பக்கம் நீட்டியபோது, “அவதான் வாங்குறா, அவகிட்ட குடுங்க” என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டான்.

டயரை நானே மாட்டினேன். ஸ்க்ரூ டிரைவர் வேண்டியிருக்கவில்லை, இரண்டு கட்டைவிரலே போதும். அண்ணன் எதிரில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இரண்டு நாள் கழித்து ரயில் ஏறினான்.

போட்டிக்கு இரண்டு வாரம்தான் மிச்சம். நான்கு வாரம் தள்ளாத கை எப்படி ஓடுமோ அப்படித்தான் ஓடியது. நானூறு மீட்டரில் கடைசி வளைவு வரை மூன்றாவதாக இருந்தேன். நேர்ப்பாதையில் தோள் கனத்துவிட்டது, நான்காவதாக வந்தேன். என்னைத் தாண்டிப் போனவள் திருநெல்வேலிக்காரி. பந்தயம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலோடு என் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினாள்.

“அக்கா, இந்த டயரு எங்க வாங்குனிய? நானும் மூணு மாசமாத் தேடுதேன்.”

நடந்ததெல்லாவற்றையும் கொட்டினேன். எம்புட்டு நேரம் பேசினேன் என்று தெரியாது. தோற்ற ஆத்திரமும் அதில் கொஞ்சம் கலந்திருந்தது. அவள் 622 என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

“முன் டயருக்கு என்ன நம்பருக்கா?”

குனிந்து பார்த்தேன். முன் சக்கரத்திலும் எழுத்து தேய்ந்திருந்தது.

“இருபதுன்னு சொன்னாங்க,” என்றேன்.

“இருபதுலயும் ரெண்டு சைசு இருக்காம்க்கா,” என்றாள் அவள்.