கடல்நீர் குடித்த அத்தான்

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் யார் எதைப் போட்டாலும் கீழே ஒரு கேள்வி வந்து விழும். "ஆதாரம் எங்கே?" கேட்பவர் அத்தான், என் அக்காவின் கணவர். பிரான்சில் தபால் துறையில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு காரைக்காலுக்குத் திரும்பி, கோவில்பத்தில் எங்கள் தெருவிலேயே வீடு கட்டிக்கொண்டவர். நிலா வெளிச்சத்தில் வைத்த தண்ணீர் மூட்டுவலியைப் போக்கும் என்று ஒரு சித்தப்பா அனுப்பினால், "யார் சோதித்தது? எத்தனை பேருக்கு வலி போனது?" என்று கேட்டே அவரைக் குழுப்பக்கம் தலைகாட்டாமல் செய்துவிடுவார். உலகமே வியக்கிறது என்று தொடங்கும் செய்தி எதுவும் அவரிடம் தப்பாது.

எனக்கு அதில் பரம திருப்தி. நான் கோட்டுச்சேரியில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பகலெல்லாம் பிள்ளைகளிடம் கத்திவிட்டு வந்து, சாயங்காலம் சொந்தக்காரர்களோடும் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பு கிடையாது. அந்தப் பொறுப்பை அத்தான் பார்த்துக்கொண்டதால் நான் நிம்மதியாக இருந்தேன். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா என்னை அவசரமாகக் கூப்பிட்டு, பின்கட்டில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டியபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"இங்க பாருடி."

கிளறிய மண்ணில் வெள்ளை வெள்ளையாக மாத்திரைகள் கிடந்தன. பாதி கரைந்தவை, முழுசாக இருப்பவை. அத்தானின் பிரஷர் மாத்திரைகள். காலைக் காபியோடு அக்கா கொடுப்பதை மரியாதையாகக் கையில் வாங்கி, அவள் அடுப்படிக்குத் திரும்பியதும் தொட்டியில் புதைத்திருக்கிறார்.

"செடிக்கு பிரஷர் நல்லா இறங்கியிருக்கும்" என்றேன். அக்கா சிரிக்கவில்லை.

"நிறுத்துனா ஒரு நாளைக்கு கை கால் விழுந்துரும்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொன்னாருடி. நேத்து மருந்துக்கடையில பிரஷர் பாத்தாங்க. ரொம்ப ஏறியிருக்குன்னு அந்தப் பொண்ணே பயந்துட்டா. தெனமும் போடுறாரே, எப்புடி ஏறும்னு நானும் யோசிச்சேன்."

என் கேலியெல்லாம் அந்த நிமிடமே அடங்கிப்போயிற்று.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். அத்தான் வந்தார். தினமும் கடற்கரைக்கு நடைப்பயிற்சிக்குப் போகிறார் என்றுதான் அக்கா நினைத்திருந்தாள். அன்றைக்கு என்னை எதிர்பார்க்காததால் கையில் இருந்த பையை ஒளிக்க நேரமில்லை. உள்ளே இரண்டு பாட்டில், இரண்டிலும் கலங்கலாகத் தண்ணீர். முதல் நாள் மழை பெய்திருந்ததால் கடல் அன்று டீ நிறத்தில் இருந்திருக்க வேண்டும்.

"வாம்மா, காபி சாப்டியா?" என்றார். பிறகு அக்காவின் முகத்தையும் அவள் கையில் இருந்த மண்ணையும் பார்த்தார். பிடிபட்ட பிறகும் மறைக்கிற ஆள் இல்லை அவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்ற நிம்மதியோடு எல்லாவற்றையும் சொன்னார்.

பிரெஞ்சில் ஓர் இணையக் குழுவாம். கடல்நீரை வடிகட்டி, நல்ல தண்ணீர் கலந்து தினமும் குடித்தால் ரத்த அழுத்தம் தானாகவே சரியாகிவிடுமாம். ரத்தமும் கடல்நீரும் ஒரே சேர்மானமாம். டப்பாவில் விற்கிற உப்பு செத்த உப்பு, கடலில் இருப்பது உயிருள்ள உப்பு. அங்கே ஓர் அம்மாளுக்கு முழங்கால் வலி போயிருக்கிறது, இன்னொருவருக்கு முடிகூட முளைத்திருக்கிறது. பிரான்சில் இருப்பவர்கள் இதைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் காசு கொடுத்து வாங்குகிறார்களாம். "நமக்கு ஸ்கூட்டர எடுத்தா கடல். எவ்வளவு கொடுப்பினை பாரு!"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "அத்தான், பிரஷர்காரங்க ஊறுகாயே தொடக்கூடாதுங்குறாங்க. நீங்க கடலையே குடிக்கிறீங்களே!"

"இது நம்ம சித்தப்பா அனுப்புற குப்பை இல்லம்மா. பிரெஞ்சுல எழுதியிருக்கான்."

அங்கேதான் இருந்தது சிக்கல். தமிழில் வந்தால் வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பவர், பிரெஞ்சில் வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த எங்கள் ஊரில் இது அவர் ஒருவருக்கு மட்டும் உள்ள குணம் இல்லை. பிறப்புச் சான்றிதழிலிருந்து ஓய்வூதியம் வரை எது பிரெஞ்சில் வந்தாலும் அது சரியாகவே இருந்து பழகிய குடும்பங்கள் இங்கே நிறைய. அந்த மொழியிலும் ஒருவன் புளுகுவான் என்பது அவர்களுக்கு எளிதில் தோன்றாது.

அன்று நான் செய்ததெல்லாம் வீண். உப்பு உடம்பில் போனால் என்ன ஆகும் என்று கரும்பலகையில் எழுதாத குறையாக விளக்கினேன். ரத்தத்தில் உப்பு உண்டுதான், ஆனால் கடலில் இருப்பது அதைப்போலப் பல மடங்கு என்றேன். "அதுக்குத்தான் தண்ணி கலக்குறது" என்றார். கலந்தாலும் உள்ளே போவது உப்புதானே என்றால், உயிருள்ள உப்பு என்றார். உப்புக்கு ஏது உயிர் என்று கேட்டால் பிரெஞ்சில் ஒரு முழுப் பத்தியைப் படித்துக் காட்டினார். நான் பள்ளியில் பிரெஞ்சு எடுக்காதவள். எட்டாம் வகுப்பையே அடக்கும் என் குரல் அங்கே எடுபடவில்லை. அக்கா நடுவில் அழுதாள், திட்டினாள், பட்டினி கிடப்பேன் என்றாள். அத்தான் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, இன்னும் ஒரு மாதம் பொறுத்துப் பார் என்றார். ஒரு மாதம் வரை அவர் நன்றாக இருப்பார் என்பதற்கு யார் பொறுப்பு?

திட்டிப் பயனில்லை என்று தெரிந்ததும் மறுநாள் பள்ளி விட்டு நேராக அவரிடமே போனேன். "அத்தான், அந்தக் குழுவுல என்னதான் எழுதியிருக்காங்க, முழுசா எனக்குப் படிச்சு சொல்லுங்க" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி தமிழில் சொல்ல ஆரம்பித்தார். கேட்கக் கேட்க எனக்கு இன்னொன்றும் புரிந்தது. அந்தக் குழுவில் அவருக்குக் காலை வணக்கம் சொல்கிறார்கள். "மெஸ்யே, இன்று உங்கள் கடல் எப்படி இருக்கிறது?" என்று ஐயா போட்டு மரியாதையாகக் கேட்கிறார்கள். இவர் சூரியோதயப் படம் போட்டால் இதயக் குறிகள் குவிகின்றன. ஓய்வு பெற்று வந்த பிறகு அவரோடு பிரெஞ்சில் நாலு வார்த்தை பேச இந்தத் தெருவில் யாரும் இல்லை. மகளும் பிரான்சில். மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுப்பார், ஆனால் இந்தப் பேச்சு எந்த மருந்துக்கடையில் கிடைக்கும்? அவர்மேல் எனக்கு முதல் தடவையாகப் பாவமாக இருந்தது.

படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் குரலை உயர்த்தினார். "இதக் கேளு. சோழமண்டலக் கரை மீனவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல்நீர் குடிக்கிறார்கள். அவர்களிடையே ரத்த அழுத்த நோயே கிடையாது. நம்ம கரையப் பத்தி எழுதியிருக்கான் பாத்தியா!"

"நம்ம கரைன்னா?"

"நம்ம காரைக்கால், நாகப்பட்டினம் எல்லாந்தான்."

"இங்க யாரு அத்தான் கடத்தண்ணி குடிக்கிறா?"

"முன்னாடி குடிச்சிருப்பாங்க" என்றார், கொஞ்சம் இறங்கிய குரலில்.

"குடிச்சிருப்பாங்களா, குடிச்சாங்களா? ஆதாரம் எங்க அத்தான்?"

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும். அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், அந்த வரியை மறுபடி படித்தார். உப்பைப் பற்றி நான் சொன்னதெல்லாம் அவருக்கு வெறும் பேச்சு. இது அப்படி இல்லை. ஸ்கூட்டரில் போய்க் கேட்டுவிடலாம்.

போனார். அடுத்த நாள் காலை பாட்டில் இல்லாமல் மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய்ப் படகு படகாக விசாரித்திருக்கிறார். திரும்பி வந்து அவரே சொன்ன கதை இது. கடல்நீர் குடிப்பீர்களா என்று கேட்டதும் முதலில் இவரை மேலும் கீழும் பார்த்தார்களாம். பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்களாம். ஒரு படகில் ஐஸ் கட்டியோடு நல்ல தண்ணீர் கேன்கள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. "கடலுக்குப் போறப்ப தண்ணிதான் சார் மொதல்ல ஏத்துவோம். நீங்க என்ன சார் இப்புடிக் கேக்குறீங்க?" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். பக்கத்தில் நின்ற படகுக்காரர் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாராம். அத்தான் தொட்டியில் புதைத்த அதே பிரஷர் மாத்திரை, அதே நிறம்.

"அதே அட்டைம்மா" என்று என்னிடம் சொன்னபோது அவருக்கே சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் எனக்கும் அடக்க முடியவில்லை. ஆனால் மாத்திரையை எடுத்துப் போடுவாரா என்றால், அதுதான் இல்லை. "அந்த ஒரு வரி தப்பா இருக்கலாம். மத்தது சரியா இருக்கலாம்ல? அவங்ககிட்டயே கேட்டுடுறேன்" என்றார். அவரும் நியாயமான மனிதர். ஒரு தரப்பை மட்டும் கேட்டுத் தீர்ப்பு சொல்ல மாட்டார்.

இரண்டு மணி நேரம் உட்கார்ந்து எழுதினார். எனக்குப் படித்தும் காட்டினார். அன்புள்ள நண்பர்களே, நான் அந்தக் கரையில்தான் வாழ்கிறேன், நேரில் போய் விசாரித்தேன், கடல்நீர் குடிப்பவர் ஒருவரையும் காணவில்லை, தண்ணீர் கேன்களின் படம் இணைத்திருக்கிறேன், இந்தச் செய்தி உங்களுக்கு எங்கிருந்து கிடைத்தது என்று தயவுசெய்து சொல்ல முடியுமா? அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. பள்ளியில் அறிவியல் என்றால் என்ன என்று நான் வரையறை எழுதிப்போடுவேன், பிள்ளைகளும் மனப்பாடம் செய்வார்கள். அந்த வரையறையை விட இந்தக் கடிதம் எனக்குப் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொன்னேன். கூச்சப்பட்டுக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

முதல் பதில் ஒரு பூங்கொத்துப் படம். அடுத்தது, உங்கள் மனதில் எதிர்மறை எண்ணம் புகுந்துவிட்டது. அதற்கடுத்தது, மருந்துக் கம்பெனிகள் உங்களுக்கு எவ்வளவு கொடுத்தன? முழங்கால் வலி போன அம்மாளும் ஏதோ எழுதினார். அதை மட்டும் அத்தான் எனக்கு மொழிபெயர்க்கவில்லை. எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. பதில் எழுதலாம் என்று அவர் விரலை வைத்தபோது பக்கம் திறக்கவில்லை. குழுவிலிருந்தே நீக்கிவிட்டார்கள்.

"மரியாதையாத்தானே கேட்டேன்?" என்றார்.

எனக்கு நிறையச் சொல்ல இருந்தது. உண்மையான ஆய்வு செய்கிறவனிடம் இப்படி ஒரு படத்தைக் காட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டான், உட்கார்ந்து கணக்கைத் திருத்துவான் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. தினமும் உங்கள் கடல் எப்படி இருக்கிறது என்று விசாரித்தவர்கள், ஒரே ஒரு கேள்வியில் அவரைத் தெருவில் நிறுத்திவிட்டார்கள். வாதத்தில் மட்டும் தோற்றிருந்தால் அவர் தாங்கியிருப்பார்.

பக்கத்தில் நின்ற அக்காதான் பேசினாள். சத்தமே போடவில்லை.

"என்னங்க, நீங்க திடீர்னு விழுந்து கிடந்திருந்தீங்கன்னா அந்தக் கூட்டத்துல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருக்குமா? ரெண்டு நாள் படம் வரலன்னு நினைச்சிருப்பாங்க. அப்புறம் வேற யாரோடயாவது பேசிக்கிட்டிருப்பாங்க. நான் என்ன பண்ணியிருப்பேன்?"

அத்தான் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு கையை நீட்டினார். அக்கா மாத்திரையை வைத்தாள், தண்ணீரை நீட்டினாள். அவர் விழுங்கிவிட்டு, அவள் கேட்காமலேயே வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அந்தக் கையை எடுக்காமல், அப்படியே அவர் மேல் சாய்ந்துகொண்டு அழுதாள்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வீட்டுக்குக் கிளம்பினேன்.