பத்தெழுத்து மான்செஸ்டர்

ராமாத்தாளுக்கு ஃபார்ம் என்றால் உயிர். அவளுக்குச் சோறு போடுவதும் அதுதான். அமெரிக்காவில், நியூ ஜெர்சி பிரின்ஸ்டன் பக்கத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருடமாக டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்து தருகிற கம்ப்யூட்டர் ஃபார்ம்களில் தாறுமாறாக எதையாவது நிரப்பி, எங்கே பல்லிளிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். பெயர் கேட்டால் போன் நம்பரைப் போடுவாள். பிறந்த தேதி கேட்டால் அடுத்த வருடத்துத் தேதியைப் போடுவாள். ஃபார்ம் திணறி நின்றுவிட்டால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே, லாட்டரி விழுந்த மாதிரி இருக்கும்.

இப்பேர்ப்பட்டவளையே ஒரு ஃபார்ம் கவிழ்த்துவிட்டது. அதற்கு முன்னால் அவள் பெயர் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

கோயமுத்தூர் பக்கத்துச் சோமனூரிலிருந்து வந்து இறங்கியபோது பாஸ்போர்ட்டில் ராமாத்தாள் கே என்று இருந்தது. கே என்றால் கருப்பண்ணன், அவளுடைய அப்பா. சர்நேம் என்ற இடம் காலி. சர்நேம் இல்லாமல் ஒரு பொம்பளை எப்படி நடமாட முடியும் என்று இந்த நாட்டுக்குப் புரியவில்லை. பெயரைத் தூக்கி சர்நேம் இடத்தில் வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ. என்று மூன்று எழுத்தைப் போட்டார்கள். பெயர் தெரியாது என்று அதற்கு அர்த்தம். பதினொரு வருடம் பல் டாக்டர் ஆபீசில் "மிஸ் ஃப்னூ! மிஸ் ஃப்னூ!" என்று கூப்பிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே எழுந்து போனாள்.

சிட்டிசன்ஷிப் வாங்கும்போது பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வருடம்தான் அப்பா இறந்திருந்தார். அப்பாவின் இனிஷியலே சர்நேமாக இருக்கட்டும் என்றாள். ஒற்றை எழுத்தைக் கம்ப்யூட்டர் ஏற்காது என்றார் மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர். அப்படியானால் சொல்கிற மாதிரியே எழுதிக்கொள்ளுங்கள், கே, ஏ, ஒய் என்றாள். அன்றிலிருந்து அவள் ராமாத்தாள் கே. கணவர் ஜெயபிரகாஷ் பழனிசாமி. மகள் தென்றல் ஜெயபிரகாஷ். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று சர்நேம். வெஸ்ட் வின்ட்சரில் அவர்கள் தெருவுக்குக் கடிதம் கொண்டுவருகிறவர், அது ரூம் ரூமாக வாடகைக்கு விட்ட வீடு என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்.

போன பிப்ரவரியில் அந்த வீட்டு கே-க்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கடிதம் வந்தது.

எழுதியவர் ஹில்டா கே, எழுபத்தொன்பது வயது, ரிட்டயர்டு டீச்சர். மான்செஸ்டரை ஒட்டிய லங்காஷயரில் நெசவு மில்கள் நிறைந்திருந்த பள்ளத்தாக்கில் கே என்ற சர்நேம் உள்ள குடும்பங்களை நாற்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறார். சர்ச் பதிவேடு, மில் சம்பளப் பட்டியல், கல்லறைக் கல் என்று எதையும் விடவில்லை. அதில் ஒரு கூட்டம் நியூ ஜெர்சியில் பேட்டர்சன் பட்டு மில்களுக்கு வேலைக்கு வந்ததாம். அதனால் இங்கே உள்ள எல்லா கே-க்களுக்கும் கடிதம் போட்டிருக்கிறார். கடைசியில் இரண்டு கேள்வி: நீங்கள் எந்த ஊர் கே? யார் வீட்டு கே?

ராமாத்தாள் கடிதத்தை மூன்று முறை படித்தாள். இருபத்தாறு வருடத்தில் இந்த நாட்டில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எங்கிருந்து வருகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. இந்தியா என்றதும் பட்டர் சிக்கன் எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எந்த ஊர், யார் வீடு என்று கேட்க ஒருத்தி லங்காஷயரிலிருந்து வர வேண்டியிருந்தது.

"ஏனுங்க, என்னைய யாரு வூட்டுப் புள்ளைன்னு கேட்டிருக்காங்க!"

"அவங்க தேடறது வெள்ளக்கார கே, ராமாத்தா. நீ கோயமுத்தூர் கே."

"கே-ன்னு பேரு இருக்கற எல்லாரும் ரிப்ளை பண்ணலாம்னு போட்டிருக்குதுங்க. கண்ணாடிய மாட்டீட்டுப் படிங்க."

கூடவே இருந்த இணைய முகவரியில் ஃபார்ம். ஐந்தே பெட்டி. பெயர் போட்டாள். சொந்த ஊர் என்ற பெட்டியில் சோமனூர் என்று போட்டால் யாருக்குத் தெரியும்? நம் ஊர்க்காரர்கள் யாரிடமும் பெருமையாகச் சொல்வதையே போட்டாள்: மான்செஸ்டர் ஆஃப் சவுத் இந்தியா, கோயமுத்தூர். குடும்பத் தொழில்: நெசவு. எத்தனை தலைமுறை: நான்கு. ஈமெயில் முகவரி. போட்ட வேகத்தில் அனுப்பிவிட்டாள். ஊர்ப் பெட்டி பத்து எழுத்துக்கு மேல் வாங்காத பெட்டி. ஆங்கிலத்தில் மான்செஸ்டர் சரியாகப் பத்து எழுத்து. மிச்சத்தை ஃபார்ம் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டது. ஆபீசில் வேறு யாராவது இப்படி ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தால் ராமாத்தாள் ஒரு வாரம் பேசியிருப்பாள்.

மறுநாளே ஹில்டாவிடமிருந்து பதில். அதற்குப்பின் இரண்டு பேருக்கும் நடுவே ஈமெயில் நிற்கவே இல்லை. குடும்பத்தில் இன்னும் யாராவது தறி ஓட்டுகிறார்களா? ஓட்டுகிறானே, என் தம்பி, இருபத்துநான்கு தறி. இருபத்துநான்கா! இந்தக் காலத்திலா! சத்தம் எப்படி இருக்கும்? பக்கத்தில் நிற்பவர் சொல்வது உதட்டைப் பார்த்தால்தான் தெரியும். என் அம்மாவும் மில்லில் அப்படித்தான் பேசுவாள்! ஆறு உண்டா? உண்டு, சாயப்பட்டறை எந்த நிறத்தை விடுகிறதோ அந்த நிறத்தில் ஓடும். எங்கள் ஆறும் நான் சிறுமியாக இருந்தபோது அப்படித்தான் ஓடியது!

ராமாத்தாளுக்குத் தலைகால் புரியவில்லை. தம்பி திருமூர்த்திக்குப் போன் போட்டாள். அவன் தறிக்குடோனை விட்டு வெளியே வந்து பேசினான்.

"அக்கா, இங்கிலாந்துல நம்ம தறியப் பத்திக் கேக்கறாங்களா? எதுக்குங்கக்கா, வெலைக்கா?"

"வெலைக்கில்ல கண்ணு, பாசத்துக்கு!"

"நம்ம தறி மேல யாருக்குங்கக்கா பாசம்?" என்று அவன் சிரித்த சிரிப்பில் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

மே மாதம் பேட்டர்சனில் ஒரு சர்ச் ஹாலில் அமெரிக்க கே-க்கள் கூடுவதாக ஏற்பாடு. ஹில்டா விமானம் ஏறி வருகிறார். இந்த வயதில் இதுதான் என் கடைசிப் பயணம், முக்கியமாக உன்னைப் பார்க்கத்தான் வருகிறேன் என்று எழுதியிருந்தார். ராமாத்தாள் புதுக் காட்டன் சேலைக்கு ப்ளவுஸ் தைத்தாள். தம்பியிடம் சொல்லி அவன் தறியில் ஓடிய காடாத் துணி இரண்டு மீட்டர் கூரியரில் வரவழைத்தாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால், ஹாலில் மாட்டப்போகிற வம்ச வரைபடம் ஈமெயிலில் வந்தது. பெட்டி பெட்டியாக நூற்றுக்கணக்கில் கே-க்கள். ஆசையாகத் தன் பெயரைத் தேடினாள். வலது மூலையில் இருந்தது: ராமாத்தாள் கே, மான்செஸ்டர். பத்தாவது எழுத்தோடு ஃபார்ம் மிச்சத்தை விழுங்கியது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பைபிளில் வரும் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது, பழைய சபைக் குடும்பமாக இருக்கலாம் என்று பக்கத்தில் குறிப்பு. அதற்கு மேலே புள்ளிக்கோடு போய் ஈனாக் கே என்ற தறி மெக்கானிக்கிடம் நின்றது. ஈனாக்குக்கும் அவளுக்கும் நடுவே ஒரு சின்னப் பெட்டி. அதில் எழுதியிருந்தது: தந்தை, பெயர் தெரியாது.

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை.

ஜெயபிரகாஷ் எட்டிப் பார்த்தார். "சொன்னனா இல்லையா? ஒடனே ஒரு மெயில் போட்டுரு."

"இந்நேரம் ஃப்ளைட் ஏறீருப்பாங்க. உண்மையச் சொன்னா அந்தம்மா மனசு ஒடஞ்சுரும். அதுக்கப்பறம் எனக்கெங்க எழுதப் போறாங்க?"

"அப்ப சொல்லாம விட்டுரு. உனக்கொரு வெள்ளக்காரத் தாத்தா ஃப்ரீயாக் கெடச்சாரு."

"தாத்தா கெடக்கறாருங்க. என்ற அப்பனப் பேரு தெரியாதுன்னு போட்டிருக்குது பாருங்க."

மகளைக் கேட்டாள். தென்றல் ரட்கர்ஸ் யுனிவர்சிட்டி ஹாஸ்டலிலிருந்து, "அம்மா, யூ ஆர் சோ பஸ்டட், வசமா மாட்டிக்கிட்ட," என்று சொல்லிவிட்டு ஐந்து நிமிடம் சிரித்தாள். பெற்ற பெண்ணின் உதவி அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலை ரூட் ஒன் நெடுஞ்சாலையைப் பிடித்து, டர்ன்பைக் டோல் ரோட்டில் ஏறி, வழியெல்லாம் ராமாத்தாள் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தாள். வண்டி ஓட்டிய ஜெயபிரகாஷ் ஹில்டாவாக நடித்தார். கீச்சுக் குரலில் அவர் இரண்டு முறை மயக்கம் போட்டு விழுந்ததில் எக்ஸிட் தவறிப்போய் பதினைந்து நிமிடம் வீண்.

ஹாலில் முப்பது முப்பத்தைந்து பேர். எல்லோர் நெஞ்சிலும் பெயர் ஒட்டியிருந்தது, எல்லோரும் கே. மைக்கில் ஒருவர், "மிஸ்டர் கே, உங்கள் கார் வழியை மறைக்கிறது," என்றதும் பதினைந்து கிழவர்கள் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்கள். ராமாத்தாளுக்குப் பயத்திலும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

குள்ளமாக, வெள்ளை முடியை ஆண்பிள்ளை மாதிரி வெட்டிக்கொண்டு ஓர் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். ராமாத்தாளின் நெஞ்சில் இருந்த பெயரைப் படித்தார். முகத்தைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். மறுபடி பெயரைப் படித்தார்.

ஒத்திகை எல்லாம் காற்றில் போயிற்று. ராமாத்தாள் ஆங்கிலத்தில் கடகடவென்று கொட்டினாள். "உங்கள் பெட்டியில் பத்து எழுத்துதான் ஏறும். நான் சவுத் இந்தியாவின் மான்செஸ்டர். எனக்கு சர்நேமே கிடையாது. கே என்பது அப்பாவின் முதல் எழுத்து. ஈனாக் யாரென்றே எனக்குத் தெரியாது. பைபிளிலும் நான் இல்லை. மன்னித்துக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் ஃபார்மில் பிழை இருக்கிறது. சரி பண்ணிவிடுங்கள்."

ஜெயபிரகாஷ் சாண்ட்விச்சைக் கையில் வைத்துக்கொண்டு கதவு எந்தப் பக்கம் என்று பார்த்தார். ராமாத்தாள் வேறு என்ன செய்வது என்று தெரியாமல், பையிலிருந்த காடாத் துணியை எடுத்து நீட்டினாள்.

ஹில்டா துணியை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் கரையைத் தடவி, வெளிச்சத்தில் பிடித்துப் பாவு நூலையும் ஊடை நூலையும் பார்த்தார்.

"இது உன் தம்பியின் தறியில் ஓடியதா?"

"ஆமாம்."

"இருபத்துநான்கு தறி?"

"நிஜம்."

"சாய நிறத்தில் ஆறு?"

"நிஜம். நேற்று நீலமாம்."

"அப்படியானால் நீ என்னிடம் சொன்ன பொய்தான் எது?"

சொல்லிவிட்டு ஹில்டா சிரிக்கத் தொடங்கினார். அந்தச் சின்ன உடம்புக்குள் எங்கே இருந்தது அத்தனை சிரிப்பு! "நான் தேடுவது ரத்தத்தை இல்லை, பெயரை. இங்கே நிற்பவர்களில் பாதிப் பேரின் கே எங்கோ ஒரு குமாஸ்தா தவறாக எழுதியதுதான். அதைக் கண்டுபிடிக்க எனக்கு நாற்பது வருடம் ஆயிற்று. நீ ஒருத்திதான் வாசலிலேயே ஒப்புக்கொண்டாய்." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "கே-க்குப் பின்னால் என்ன இருக்கிறது?"

ராமாத்தாள் பேனாவை வாங்கினாள். நெஞ்சில் ஒட்டியிருந்த தாளை எடுத்து, கே-யை மட்டும் விட்டுவிட்டு ஏ-யையும் ஒய்-யையும் அடித்தாள். மிச்சத்தை முழுசாக எழுதினாள். கருப்பண்ணன் என்று வாய்விட்டுப் படித்துக் காட்டினாள்.

அடுத்த அரைமணி நேரம் அந்த ஹாலில் நடந்த கூத்தைச் சொல்லி முடியாது. எங்கள் பக்கம் சர்நேம் இல்லை, அப்பா பெயரின் முதல் எழுத்து முன்னால் வரும் என்று ராமாத்தாள் விளக்க, எல்லோருக்கும் இனிஷியல் வேண்டுமென்று ஆகிவிட்டது. வரிசையில் நின்றார்கள். அப்பா பெயர் வால்டரா, நீங்கள் டபிள்யூ. ஜார்ஜ். உங்கள் அப்பா? ஃப்ராங்க். அப்படியானால் எஃப். நான்சி. ஜெயபிரகாஷ் ஆளுக்கொரு புதுத் தாள் கிழித்துக் கொடுத்தார். முழங்கால் வலியோடு வந்த ஒரு கிழவர் ஆர். பீட்டர் ஆனதும் தன்னைத் தானே இரண்டு முறை சத்தமாகக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டார்.

கடைசியாக ஹில்டா வந்தார். அப்பா பெயர் எட்வின், மில்லில் ஃபிட்டர். ராமாத்தாள் ஈ. ஹில்டா என்று எழுதி அவர் கையில் கொடுத்தாள். ஹில்டா அதை வெகுநேரம் பார்த்தார்.

"ஊரார் அப்பாவையெல்லாம் தேடினேன்," என்றார். "என் அப்பா என் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதுவரை நான் பார்த்ததே இல்லை."

பிறகு ராமாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த வரைபடத்துக்குப் போனார். ஈனாக்கிடம் போன புள்ளிக்கோட்டை அடித்தார். பெயர் தெரியாது என்பதை அடித்துவிட்டு, அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளேயே மேலாக ராமாத்தாள் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல எழுதினார். பத்து எழுத்து ஆனதும் பெட்டி முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் கருப்பண்ணனுக்குப் பதினொன்று.

ஹில்டா பேனாவை நிறுத்தினார். கடைசி ஒரு எழுத்துதானே, விட்டுவிடலாமா என்று கண்ணாலேயே கேட்டார்.

"விடக் கூடாது," என்றாள் ராமாத்தாள். இருபது வருடமாக ஆபீசில் பையன்களிடம் சொல்கிற அதே குரல். "பெட்டியைப் பெரிசு பண்ணுங்கள்."

ஹில்டா பெட்டியின் வலதுபக்கக் கோட்டை அடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் புதுக்கோடு போட்டார். கடைசி எழுத்தும் உள்ளே வந்தது.